ஜப்பானில் படிக்கிறீர்களா? விடுமுறைக்கு மாணவர் கணக்கில் ஊர் சுற்ற ஒரு வழிகாட்டி

ஜப்பான் பயணம் பற்றித் தமிழில் கிடைப்பதில் பெரும்பகுதி சுற்றுலா விசாவில் பத்து நாள் வருபவர்களுக்காக எழுதப்பட்டது. மாணவர் விசாவில் இருப்பவர் அதை நம்பித் திட்டம் போட்டால் முதல் டிக்கெட்டிலேயே மாட்டிக்கொள்வார். அவர்களுக்குக் கிடைக்கும் சலுகை பல உங்களுக்குக் கிடையாது. உங்களுக்குக் கிடைப்பது அவர்களுக்குக் கிடையாது. ஜப்பானிய வகுப்புத் தோழர்கள் போகும் இடங்களுக்கு, அவர்கள் செலவழிக்கும் அதே அளவில் போய்வர என்ன காகிதம் வேண்டும், எப்போது டிக்கெட் எடுக்க வேண்டும், எங்கே ஏமாறுவோம் என்பதைப் பார்ப்போம். விலைகள் யென்னில், சீசனைப் பொறுத்து ஏறி இறங்கும்.

ஜப்பானிய மாணவர்கள் போகும் இடங்கள் பெரும்பாலும் இவைதான்: யூனிவர்சல் ஸ்டுடியோஸோடு சேர்த்து ஒசாகா–கியோட்டோ, டோக்கியோ டிஸ்னி, ஒகினாவா, ஹொக்கைடோ, நகானோ–நீகாதா பனிச்சறுக்கு மலைகள், ஹகோனே, குசட்சு, அடாமி போன்ற வெந்நீர் ஊற்று ஊர்கள், சாப்பாட்டுக்காக ஃபுகுவோகா.

1. முதலில் காலண்டர்

எந்த ஊர் என்பதைவிட எந்த வாரம் என்பதுதான் செலவைத் தீர்மானிக்கும். பல்கலைக்கழக விடுமுறை இரண்டு: ஆகஸ்ட், செப்டம்பர் ஒன்று, பிப்ரவரி தொடக்கத்திலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை இன்னொன்று. அலுவலகம் போகிறவர்களுக்கும் பள்ளிக் குழந்தைகளுக்கும் இவ்வளவு நீண்ட விடுமுறை இல்லை. செவ்வாய், புதன் கிழமைகளில் கிளம்ப முடிவது மாணவருக்கு மட்டுமே உள்ள வசதி. சனிக்கிழமை இரவு 12,000 கேட்கும் அதே ஹோட்டல் செவ்வாய் இரவு 6,000-க்குக் கிடைப்பது சாதாரணம்.

தவிர்க்க வேண்டியவை: ஏப்ரல் 29 முதல் மே 5 வரையான கோல்டன் வீக், ஆகஸ்ட் 13–16-ஐ ஒட்டிய ஓபோன் பண்டிகை, ஆண்டின் கடைசி வாரமும் புத்தாண்டும். இந்த நாட்களில் புல்லட் ரயிலான நோஸோமி ஷின்கான்சென் முழுக்க முன்பதிவு ரயிலாகிவிடும். ‘ஏறிக்கொள்ளலாம், இடம் கிடைக்கும்’ என்ற கணக்கு நடக்காது.

பிப்ரவரி, மார்ச்சில் இன்னொரு கூட்டம் உண்டு. வேலைக்குச் சேரும் முன் இறுதியாண்டு மாணவர்கள் போகும் சொட்சுக்யோ ரியோகோ, அதாவது பட்டமளிப்புப் பயணம், அப்போதுதான். ஒகினாவா, ஒசாகா, டிஸ்னி மூன்றும் நிரம்பிவிடும். மார்ச் பயணத்துக்கு ஜனவரியிலேயே தங்குமிடம் பிடித்துவிடுங்கள். செப்டம்பர் நடுவில் எல்லாமே மலிவு. காரணம் புயல். அதைக் கடைசியில் பார்ப்போம்.

2. பையில் இருக்க வேண்டியவை

ரெசிடென்ஸ் கார்டு: எப்போதும் கையில் இருக்க வேண்டும், சட்டப்படி. வைத்திராவிட்டால் 2 லட்சம் யென் வரை அபராதம் உண்டு. பாஸ்போர்ட் இருக்கிறதே என்பது பதில் ஆகாது. பயணம் என்றால் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு கார்டை வீட்டில் வைத்துவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள், சரியாகத் தலைகீழ்.

மாணவர் அடையாள அட்டை: ரயிலிலும் காட்டச் சொல்வார்கள், அருங்காட்சியகத்திலும் காட்டச் சொல்வார்கள். போனில் எடுத்து வைத்த படம் செல்லாது.

காப்பீடு: தேசிய மருத்துவக் காப்பீடு நாடு முழுக்கச் செல்லும். மை நம்பர் கார்டோ, நகராட்சி தந்த தகுதிச் சான்றோ இருந்தால் மருத்துவமனையில் 30 சதவீதம் மட்டும் கட்டினால் போதும். பனிச்சறுக்குக்குப் போகிறவர்கள் இதை மறக்கவே கூடாது.

உங்களுக்கு இல்லாதது: ஜப்பான் ரயில் பாஸ். அது ‘தற்காலிகப் பயணி’ முத்திரை உள்ளவர்களுக்கு மட்டும். மாணவர் விசாவில் இருப்பவர் எந்த நாட்டுக் குடிமகனாக இருந்தாலும் வாங்கிப் பயன்படுத்த முடியாது. ஊரிலிருந்து பார்க்க வரும் அப்பா அம்மா வாங்கலாம்; அவர்களோடு போகும் நீங்கள் தனி டிக்கெட் எடுக்க வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) கிழக்கு நிறுவனத்தின் டோக்கியோ வைட் பாஸ், ஜப்பான் பாஸ்போர்ட் அல்லாத எவருக்கும் உண்டு, விசா எதுவானாலும். தொடர்ந்து 3 நாள், விலை 15,000 அளவில். நிக்கோ, கருய்ஸாவா, கவாகுச்சிகோ, காலா யுசாவா எல்லாம் இதற்குள் வரும். ஜப்பானியத் தோழரால் வாங்க முடியாத பாஸ் இது. வாங்கும்போது பாஸ்போர்ட் கேட்பார்கள்.

3. ககுவாரி: பல்கலைக்கழகமே அச்சடித்துத் தரும் தள்ளுபடி

ஜே.ஆர். ரயிலில் ஒருவழித் தூரம் 100 கிலோமீட்டரைத் தாண்டினால் மாணவருக்கு அடிப்படைக் கட்டணத்தில் 20 சதவீதத் தள்ளுபடி. இதற்கான சான்றுதான் ககுவாரி. வாங்கும் முறை:

முதலில், மாணவர் அட்டையோடு வளாகத்தில் உள்ள சான்றிதழ் இயந்திரத்துக்குப் போங்கள். நன்மதிப்புச் சான்று, மதிப்பெண் சான்று எல்லாம் வரும் அதே இயந்திரம். கட்டணம் இல்லை. ஒரு தாள் எடுங்கள். ஆண்டுக்குப் பத்து என்ற அளவில் பல்கலைக்கழகங்கள் வரம்பு வைத்திருக்கும்.

அடுத்து, பேனாவால் விவரங்களை நிரப்பி, ரயில் நிலையக் கவுண்டரில் கொடுத்து டிக்கெட் வாங்குங்கள். போவதும் வருவதும் ஒரே நேரத்தில் வாங்கினால் ஒரு தாள் போதும். தனித்தனி நாளில் வாங்கினால் இரண்டு தாள் செலவாகும்.

மூன்றாவதாக, பயணத்தில் மாணவர் அட்டையை வைத்திருங்கள். கண்டக்டர் கேட்டு, காட்ட முடியாவிட்டால் முழுக் கட்டணத்தோடு அபராதமும் விழும்.

இப்போது கணக்கு. டோக்கியோ–ஷின் ஒசாகா நோஸோமி முன்பதிவு இருக்கை சாதாரண நாளில் 14,720. இதில் அடிப்படைக் கட்டணம் 8,910, அதிவேகக் கட்டணம் 5,810. தள்ளுபடி முதல் பகுதிக்கு மட்டும். 8,910 என்பது 7,120 ஆகும். மிச்சம் 1,790. ‘ஷின்கான்செனில் 20 சதவீதம்’ என்று நினைத்துக் கவுண்டரில் நின்று கணக்கு உதைக்கிறதே என்று குழம்ப வேண்டாம்.

சிக்கல்கள்: தாள் மூன்று மாதமே செல்லும். ஸ்மார்ட் ஈ.எக்ஸ். செயலியில் எடுக்கும் டிக்கெட்டுக்கு ககுவாரி கிடையாது, கவுண்டருக்குப் போயாக வேண்டும். முழுநேர மாணவர் அல்லாத ஆராய்ச்சி மாணவர் (கென்க்யூசெய்), பரிமாற்ற மாணவர் பலருக்குப் பல்கலைக்கழகம் இதைத் தருவதில்லை; இயந்திரத்தில் அந்தப் பொத்தானே வராது. இயந்திரம் கெட்டுவிட்டது என்று அலுவலகத்தில் வாதாடுவதில் பயனில்லை. விடுமுறையில் வளாக அலுவலகமும் இயந்திரமும் சில நாட்கள் மூடியிருக்கும், ஆகவே கடைசி வகுப்பு முடியும் முன்பே தாளை எடுத்துவிடுங்கள். சில நீண்டதூரக் கப்பல்களும் இதே தாளுக்கு 20 சதவீதம் குறைக்கின்றன. பழைய கட்டுரைகள் 600 கிலோமீட்டருக்கு மேல் போய்வரும் டிக்கெட்டுக்கு இன்னொரு 10 சதவீதம் குறையும் என்று சொல்லும். அந்தச் சலுகை 2026 மார்ச்சோடு போய்விட்டது.

வளாகக் கூட்டுறவுக் கடையான செய்க்யோவில் பயணக் கவுண்டர் இருந்தால் ஒருமுறை எட்டிப் பாருங்கள். கிரெடிட் கார்டு இல்லாதவருக்கு அதுதான் சுலபம், பணம் கட்டி முடித்துவிடலாம். இணையத்தில் எடுப்பதானால் ‘கொம்பினி பணம் செலுத்துதல்’, அதாவது தெருமுனைக் கடையில் பணம் கட்டும் வசதி, உள்ள தளமாகப் பார்த்து, குறித்த கெடுவுக்குள் கடையில் போய்க் கட்டுங்கள். கெடு தாண்டினால் முன்பதிவு தானாகக் காணாமல் போகும்.

4. எதில் போவது

*இரவுப் பேருந்து.* மாணவர்களின் முதல் தேர்வு. டோக்கியோ–ஒசாகா சுமார் எட்டு மணி நேரம். வார நாளில் 4,000–6,000, வெள்ளி இரவிலும் விடுமுறையிலும் 10,000-ஐத் தாண்டும். வரிசைக்கு நான்கு இருக்கை உள்ளது மலிவு. தனித்தனியாக மூன்று இருக்கை உள்ளது 2,000–3,000 கூடுதல். ஒருவழியாவது மூன்று இருக்கையில் போங்கள்; காலையில் இறங்கி நாள் முழுக்க நடக்கப்போகிறவர் தூங்காமல் போனால் மிச்சம் பிடித்த பணத்துக்கு அர்த்தமில்லை. பெண்கள் முன்பதிவில் பாலினத்தைச் சரியாகக் குறிப்பிட்டால் பக்கத்தில் பெண்ணையே உட்காரவைப்பார்கள். பெண்களுக்கு மட்டுமான வண்டியும் உண்டு.

நெடுஞ்சாலை ஓய்விடத்தில் பதினைந்து நிமிடம் நிறுத்துவார்கள். இறங்கும் முன் வண்டியின் எண்ணைப் போனில் படம் எடுங்கள். ஒரே நிறத்தில் ஆறேழு வண்டி நிற்கும். நேரம் ஆனால் காத்திருக்க மாட்டார்கள். காலை ஆறு மணிக்கு ஊர் தூங்கிக்கொண்டிருக்கும், ஹோட்டல் அறை மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். முதல் வேலை காயின் லாக்கர், 400 முதல் 800. எட்டு மணிக்கு மேல் போனால் பெரிய நிலையங்களில் காலி இருக்காது. போய்வர இரண்டு இரவும் பேருந்திலேயே கழித்து, தங்குமிடச் செலவே இல்லாமல் ஒருநாள் சுற்றித் திரும்பும் ‘ஸெரோ ஹாகு மிக்கா’ மாணவரிடையே பிரபலம். இருபது வயதில் முடியும். மறுநாள் காலை வகுப்பு இருந்தால் வேண்டாம்.

சீட் பெல்ட்டைப் போடுங்கள், உறங்கும்போதும். 2016 ஜனவரி 15 அன்று கருய்ஸாவாவில் பனிச்சறுக்குப் பேருந்து ஒன்று சாலையிலிருந்து விழுந்து 15 பேர் இறந்தார்கள். இறந்த பயணிகள் 13 பேரும் பல்கலைக்கழக மாணவர்கள். சட்டம் வகுத்த குறைந்தபட்ச வாடகைக்கும் கீழே எடுத்த ஓட்டம் அது. நம்ப முடியாத மலிவு விலை கண்ணில் பட்டால் யார் வண்டியை ஓட்டுகிறார்கள் என்று பாருங்கள்.

*சேய்ஷுன் 18 டிக்கெட்.* பெயரில் 18 இருந்தாலும் வயது வரம்பு இல்லை. வசந்தம், கோடை, குளிர்காலம் என்று ஆண்டுக்கு மூன்று பருவத்தில் மட்டும் விற்பனை. நாடு முழுக்க ஜே.ஆரின் சாதாரண, விரைவு வண்டிகளில் எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம். 3 நாள் 10,000, 5 நாள் 12,050. 2024-25 குளிர்காலத்திலிருந்து விதி மாறிவிட்டது: நாட்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், ஒரு டிக்கெட்டை நண்பர்கள் பங்கிட முடியாது. ‘ஐந்து பேர் ஒரு டிக்கெட்டில் போகலாம்’ என்று சீனியர் சொன்னால் அது அவர் காலத்து விதி.

இதை வைத்து டோக்கியோவிலிருந்து ஒசாகா போக ஒன்பது மணி நேரம் ஆகும், அடாமி, ஹமாமட்சு, தொயோஹாஷி, ஓகாகி, மைபாரா என்று மாறி மாறி. ஷிசுவோகா மாநிலத்தைக் கடக்கும் பகுதியில் பெரும்பாலும் பக்கவாட்டு நீள இருக்கைதான். ஓகாகியில் கதவு திறந்ததும் எல்லாரும் ஓடுவார்கள். அடுத்த வண்டியில் பெட்டி குறைவு, ஓடாதவர் நிற்க வேண்டியதுதான்.

அதிவேக வண்டியில் ஏறினால் அதிவேகக் கட்டணத்தை மட்டும் கட்டிச் சமாளிக்க முடியாது, அடிப்படைக் கட்டணமும் சேர்த்துக் கட்ட வேண்டும். கனசாவா போக நினைப்பவர்களுக்கு இந்த டிக்கெட் உதவாது: ட்சுருகாவிலிருந்து கனசாவா வரையான பழைய ஜே.ஆர். பாதை 2024 மார்ச் முதல் வேறு நிறுவனங்களின் கையில்.

*மலிவு விமானம்.* பீச், ஜெட்ஸ்டார், ஸ்ப்ரிங். ஒகினாவா, சப்போரோ, ஃபுகுவோகாவுக்கு இதுதான் வழி. வார நாளில் ஒருவழி 5,000–9,000-க்குக் கிடைக்கும். கைப்பை எல்லாம் சேர்த்து 7 கிலோதான். லேப்டாப், சார்ஜர், குளிர் ஜாக்கெட் மூன்றுமே நான்கு கிலோ ஆகிவிடும். வாயிலில் எடை போடுவார்கள். அங்கே கட்டும் கட்டணம் முன்கூட்டி இணையத்தில் கட்டுவதைவிடப் பல மடங்கு. ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு பொறி நரிதா. மலிவாகத் தெரியும் காலை 7 மணி விமானத்துக்கு டோக்கியோவின் மேற்கே வசிப்பவர் முதல் ரயிலில் போனாலும் சேர முடியாது. அரை மணி முன்பே செக்-இன் மூடிவிடும். முந்தின இரவு விமான நிலையத்தில் படுக்க வேண்டிவரும், இல்லை ஹோட்டலுக்கு அழ வேண்டிவரும். டிக்கெட் விலையோடு நரிதா போய்வரும் செலவையும் கூட்டிப் பாருங்கள். ஹனேதாவிலிருந்து கிளம்பும் ஸ்கைமார்க் பல சமயம் அதே கணக்குக்கு வரும், அதில் 20 கிலோ பெட்டி இலவசம்.

25 வயது வரை உள்ளவர்களுக்கு ஏ.என்.ஏ.வில் ஸ்மார்ட் யூ25, ஜே.ஏ.எல்.லில் ஸ்கைமேட் என்று பயணத்தன்று வாங்கும் மலிவுக் கட்டணம் உண்டு. தனியாகப் போகிறவருக்கு நல்லது, நான்கு பேர் சேர்ந்து போக நம்ப முடியாது.

பொதுவாக ஒரு எச்சரிக்கை: சுயிகா அட்டையைத் தட்டி டோக்கியோவில் ஏறி வேறு ஜே.ஆர். நிறுவனத்தின் பகுதியில் வெளியேற முடியாது. அடாமியைத் தாண்டி மேற்கே போவதென்றால் காகித டிக்கெட் எடுங்கள்.

5. ஊர் வாரியாக

*ஒசாகா, கியோட்டோ.* முதல் பயணத்துக்கு ஏற்றது. ஒசாகாவில் தங்கி கியோட்டோவுக்கு ஜே.ஆர். விரைவு வண்டியில் அரை மணியில் போய்வாருங்கள். கியோட்டோவில் நகரப் பேருந்து ஒருநாள் பாஸ் இப்போது விற்பனையில் இல்லை. சுரங்க ரயிலும் பேருந்தும் சேர்ந்த 1,100 யென் பாஸ்தான் இருக்கிறது. ஒருமுறை பேருந்துக் கட்டணம் 230, ஆகவே ஐந்து முறை ஏறாவிட்டால் பாஸ் நஷ்டம். வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் பேருந்து நகராது, சுரங்க ரயிலில் போய் நடங்கள். 6,000-க்குக் கீழே உள்ள அறைக்கும் கியோட்டோ நகராட்சி ஆளுக்கு ஓர் இரவுக்கு 200 தங்கும் வரி வாங்கும். யூனிவர்சலில் நிண்டெண்டோ பகுதிக்குக் கூட்ட நாளில் நேரச் சீட்டு வேண்டும், நுழைந்ததும் செயலியில் அதை எடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

*டோக்கியோ டிஸ்னி.* ஒருநாள் டிக்கெட் நாளைப் பொறுத்து 7,900 முதல் 10,900. ஜனவரியிலிருந்து மார்ச் வரை மாணவர்களுக்கான கேம்பஸ் டே டிக்கெட் விற்கும் ஆண்டுகளில் அதைப் பிடியுங்கள். வாயிலில் மாணவர் அட்டை கேட்பார்கள். பழைய பள்ளிச் சீருடையை எடுத்து மாட்டிக்கொண்டு கூட்டமாக வரும் கல்லூரி மாணவிகளைப் பார்த்து வியக்க வேண்டாம், அது இங்கே ஒரு வழக்கம்.

*ஒகினாவா.* பட்டமளிப்புப் பயணமாக பிப்ரவரி, மார்ச்சில் போகிறவர்கள் ஏமாறும் இடம். அப்போது வெப்பநிலை 17–19 டிகிரி, காற்று, அடிக்கடி மேகம். கடலில் குளிக்க முடியாது. கடலுக்காகவே போவதானால் மே, ஜூன் மழைக்காலம் முடிந்து ஜூன் கடைசியிலிருந்து அக்டோபர் வரை. ரயில் என்பது நாஹாவிலும் பக்கத்து ஊரான உராசோயேவிலும் ஓடும் மோனோரயில் ஒன்றுதான். கார் இல்லாமல் சுராஉமி கடல் மீன்காட்சியகம் போக நாஹா விமான நிலையத்திலிருந்து 117-ஆம் எண் பேருந்து. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். நுழைவு 2,180, கல்லூரி மாணவருக்குத் தள்ளுபடி இல்லை. கார் ஓட்ட ஆள் இல்லாத குழுவுக்கு ஒரு யோசனை: வடக்கை விட்டுவிட்டு நாஹாவின் தொமாரி துறைமுகத்திலிருந்து படகில் தொகாஷிகி அல்லது சமாமி தீவுக்குப் போங்கள். கடல் அங்கேதான் நன்றாக இருக்கும்.

*ஹொக்கைடோ.* நான்கு நாளில் எல்லாம் பார்க்கலாம் என்று திட்டம் போட வேண்டாம். சப்போரோவிலிருந்து ஹகோதாதேவுக்கு அதிவேக வண்டியிலேயே மூன்றரை மணிக்கு மேல். சப்போரோ, ஒதாரு இரண்டோடு நிறுத்துங்கள். கோடையானால் ஃபுரானோவைச் சேருங்கள், லாவெண்டர் ஜூலையில்தான். பிப்ரவரி தொடக்கத்துப் பனித் திருவிழா வாரத்தில் சப்போரோ அறை விலை இரண்டு மூன்று மடங்காகும். ஒரு வாரம் தள்ளிப் போனால் சிற்பங்கள் இருக்காது, பனி இருக்கும். சாதாரண ஷூவில் போகிறவர் சிக்னல் அருகே விழுவது உறுதி, பலர் கால் பட்டு அங்கே பனி கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். ஷூவின் மேல் மாட்டும் முள் பட்டைகள் நிலையக் கடைகளில் கிடைக்கும். இறங்கியதும் வாங்குங்கள்.

*பனிச்சறுக்கு.* டோக்கியோவிலிருந்து முதல்முறை என்றால் காலா யுசாவா. ஷின்கான்சென் நிலையமே மலையடிவாரக் கட்டடம், ஒன்றேகால் மணிப் பயணம். போர்டு, பூட்ஸ், உடை வாடகைக்குக் கிடைக்கும். கையுறை, கண்ணாடி, தொப்பி பொதுவாக அந்தத் தொகுப்பில் இருக்காது, நூறு யென் கடையில் வாங்கும் கம்பளிக் கையுறை அரை மணியில் நனைந்துவிடும். பேருந்து, லிஃப்ட் டிக்கெட் சேர்ந்த தொகுப்புச் சுற்றுலாதான் மாணவர் வழக்கம். 19 வயதானால் யுகிமாஜி 19 என்ற திட்டத்தைத் தேடுங்கள். செயலியில் பதிந்தால் அதில் சேர்ந்த மலைகளில் லிஃப்ட் இலவசம். 21 ஆனபின் தெரிந்துகொண்டு வருத்தப்படுபவர்கள் ஏராளம்.

*வெந்நீர் ஊற்று ஊர்கள்.* டோக்கியோவுக்கு அருகில் ஹகோனேயும் அடாமியும். கொஞ்சம் தள்ளி குசட்சு. பணம் குறைவாக உள்ளவருக்கு என் ஓட்டு குசட்சுவுக்கு. ஷின்ஜுகுவிலிருந்து நேரடிப் பேருந்து உண்டு. ஷிராஹாதா, ஜிசோ, ச்சியோ என்ற மூன்று பொதுக் குளியலறைகளில் காசில்லாமல் குளிக்கலாம்; துண்டு நீங்கள் கொண்டுபோக வேண்டும். இந்தத் தண்ணீர் கடும் அமிலம், பி.எச். 2 அளவில். கொலுசு, மெட்டி, வெள்ளி மோதிரம் எல்லாவற்றையும் அறையிலேயே கழற்றிவையுங்கள், ஒரே குளியலில் கறுத்துப்போகும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆடையின்றிக் குளிப்பதுதான் முறை. நீச்சல் உடை அனுமதி இல்லை. முதலில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, கூந்தலைக் கட்டிக்கொண்டு, பிறகே தொட்டியில் இறங்க வேண்டும். கூச்சம் என்றால் ‘கஷிகிரி’ என்ற தனிக் குளியலறை உள்ள விடுதியாகப் பார்த்து எடுங்கள். அறைக்கே இலவசமாகத் தருபவையும் உண்டு, 45 நிமிடத்துக்கு 2,000–3,000 வாங்குபவையும் உண்டு.

*ஃபுகுவோகா.* விமான நிலையத்திலிருந்து ஹகாதாவுக்கு சுரங்க ரயிலில் ஐந்தே நிமிடம், 260 யென். அசைவம் சாப்பிடுபவருக்கு இரண்டு இரவு போதும். சைவர்கள் வேறு ஊர் பாருங்கள். இங்கே மாணவர்கள் வருவதே பன்றி எலும்புச் சாறு ராமென் நூடுல்ஸுக்காக.

6. கார் எடுப்பதென்றால்

இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் தரும் 1949 ஜெனீவா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படியான சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் புத்தகம் ஜப்பானில் செல்லும். ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே எடுங்கள், இந்தியாவில் ஆர்.டி.ஓ. வழியாக, கட்டணம் 1,000 ரூபாய். இணையத்தில் ‘சர்வதேச லைசென்ஸ்’ என்று விற்கும் பிளாஸ்டிக் அட்டைகள் எதற்கும் செல்லாது, ஓட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய குற்றம்.

புத்தகம் ஓராண்டு செல்லும். ஜப்பானில் இறங்கி ஓராண்டுக்குப் பிறகும் ஓட்ட முடியாது. எது முன்னால் முடிகிறதோ அதுவே கணக்கு. விடுமுறையில் ஊருக்குப் போய்ப் புதுப் புத்தகம் எடுத்து வந்து ஓட்டலாம் என்று நினைப்பார்கள். இங்கே முகவரி பதிந்தவர் மூன்று மாதத்துக்குள் திரும்பி வந்தால் அந்த வருகை புதிய தொடக்கமாகக் கொள்ளப்படாது. பொங்கலுக்கு இரண்டு வாரம் போய்வந்தவர் ஓட்டிப் பிடிபடுவது இப்படித்தான்.

அதற்குப் பிறகு வழி, ஊர் லைசென்ஸை ஜப்பான் லைசென்ஸாக மாற்றுவது. லைசென்ஸ் வாங்கியபின் அந்த நாட்டில் மொத்தம் மூன்று மாதம் இருந்ததை பாஸ்போர்ட் முத்திரைகளால் காட்ட வேண்டும்; பழைய பாஸ்போர்ட்டையும் கொண்டுவாருங்கள். வாகன ஓட்டிகள் கூட்டமைப்பான ஜே.ஏ.எஃப். தரும் மொழிபெயர்ப்பு, வசிப்பிடச் சான்று, புகைப்படம் தேவை. 2025 அக்டோபரிலிருந்து எழுத்துத் தேர்வு 10 கேள்வியிலிருந்து 50 கேள்வியாகிவிட்டது, 90 சதவீதம் எடுக்க வேண்டும். ஓட்டும் தேர்வும் கடினமாகியிருக்கிறது. கோடைப் பயணத்துக்கு ஏப்ரலிலேயே தொடங்காவிட்டால் நடக்காது.

வாடகைக் கார் விலைக்கு மேல் நாளுக்கு 1,100–2,200 கட்டி விபத்துப் பொறுப்பு விலக்கை எடுங்கள். அதை எடுத்தாலும், வண்டி ஓடாமல் நிற்கும் நாட்களுக்கென்று தனிக் கட்டணம் உண்டு: வண்டியை ஓட்டித் திருப்பிக் கொடுக்க முடிந்தால் 20,000, முடியாவிட்டால் 50,000 என்பது வழக்கமான தொகை. அதையும் மூடும் கூடுதல் திட்டத்தை ஒகினாவாவில் எடுப்பது நல்லது. சிறு கீறலானாலும் 110-க்குப் போன் செய்து போலீஸ் பதிவு வாங்க வேண்டும். பதிவு இல்லாவிட்டால் காப்பீடு கை விரித்துவிடும். நாஹாவில் கார் அலுவலகங்கள் விமான நிலையத்துக்கு வெளியே இருப்பதால் போக ஒரு மணி, திருப்ப ஒரு மணி ஒதுக்குங்கள். ஹொக்கைடோ குளிர்காலத்தில் ஓட்டவே வேண்டாம்.

7. தங்குவது, சாப்பிடுவது

ஹாஸ்டல் படுக்கை வார நாளில் 2,500–4,000. ஜப்பானிய விடுதித் தளங்களில் காட்டும் விலை பெரும்பாலும் ஆளுக்கு, அறைக்கு அல்ல. ‘15,000’ என்று பார்த்து மூன்று பேர் போனால் 45,000. ஜப்பான் முகவரி உள்ளவர் அதை எழுதினால் போதும். பாஸ்போர்ட் நகல் விதி வெளிநாட்டில் வசிப்பவருக்கு. கவுண்டரில் கேட்டால் ரெசிடென்ஸ் கார்டைக் காட்டிவிட்டு நகருங்கள்.

சைவர்களும் மாட்டிறைச்சி, பன்றி தவிர்ப்பவர்களும் சாப்பாடு இல்லாத ‘சுதொமாரி’ அறையே எடுக்கவும். விடுதி இரவுச் சாப்பாடு முன்பே முடிவானது; வந்த பிறகு சொன்னால் வெறும் சோறும் ஊறுகாயும் வரும். கவனிக்க வேண்டியது கண்ணுக்குத் தெரியாத மீன்: மிசோ சூப், உதோன் நூடுல்ஸ், காய்கறிக் கூட்டு எல்லாவற்றிலும் கட்சுஓ மீன் சாறு. கடையில் வாங்கும் ப்ளம் சோற்று உருண்டையில்கூடச் சிலவற்றில் இருக்கும், பொட்டலத்தின் பின்புறத்தைப் போனில் மொழிபெயர்த்துப் பாருங்கள். ஜப்பானியக் கறிக் குழம்புக்கான மசாலாக் கட்டிகளில் மாட்டுக் கொழுப்பு. ஒகினாவா சோபா நூடுல்ஸின் சாறு பன்றி. சமையலறை உள்ள ஹாஸ்டலும் பையில் இரண்டு புளியோதரைப் பொடிப் பாக்கெட்டும் இருந்தால் மூன்று நாள் ஓடும், எடையும் ஏறாது.

8. ரத்து, புயல், தாமதம்

தொகுப்புச் சுற்றுலாவை ரத்து செய்தால் பிடிக்கும் தொகை அநேகமாக எல்லா நிறுவனத்திலும் ஒன்றே: கிளம்ப 20 நாள் இருக்கும்போது தொடங்கி 20 சதவீதம், 7 நாளுக்குள் 30, முந்தின நாள் 40, அன்றே என்றால் 50, சொல்லாமல் வராவிட்டால் முழுவதும். குழுவில் ஒருவர் பின்வாங்கினால் நான்கு பேர் விலை மூன்று பேர் விலையாக ஏறும். அதை யார் கட்டுவது என்று பணம் கட்டும் முன்பே பேசி முடியுங்கள்.

மலிவு விமானத்தை நீங்கள் ரத்து செய்தால் பணம் வராது. புயலால் அவர்கள் ரத்து செய்தால் பணமோ வேறு விமானமோ கிடைக்கும், ஆனால் நடுவில் தங்கும் செலவு உங்களுடையது. ஒகினாவாவுக்கு ஆகஸ்ட், செப்டம்பரில் போகிறவர்கள் கூடுதலாக இரண்டு இரவுக்கான பணத்தையும், திரும்பிய மறுநாள் தேர்வோ பகுதிநேர வேலையோ இல்லாத தேதியையும் வைத்துக்கொள்ளுங்கள். தங்குமிடத்தைத் தனியாக எடுத்திருந்தால் விமானம் ரத்தானதும் அவர்களுக்குப் போன் செய்யுங்கள். புயல் என்றால் பெரும்பாலும் கட்டணம் கேட்க மாட்டார்கள். போன் செய்யாமல் விட்டால் முழுத் தொகையும் போகும்.

ஷின்கான்சென் இரண்டு மணி நேரம் தாமதமானால் அதிவேகக் கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். டிக்கெட்டை வாயிலில் விட்டுவிடாமல் ஊழியரிடம் காட்டி முத்திரை வாங்குங்கள், ஓராண்டுக்குள் எந்தக் கவுண்டரிலும் பணம் பெறலாம். சேய்ஷுன் 18 டிக்கெட்டில் பயணம் தொடங்கியபின் ரயில் நின்றாலும், அன்றைய நாள் வீணானாலும் எதுவும் திரும்ப வராது.